கனத்த கம்பி

விரல் நாறியது. சோப்புப் போட்டுக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் முக்கி, எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்து, திரும்பவும் சோப்புப் போட்டாயிற்று. சுகிர்தம் இடது கை விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். அதே நாற்றம்தான். நனைந்த இரும்பு வாளியின் கைப்பிடி நாற்றம், அதற்கு மேலே காறிப்போன தேங்காய் எண்ணெய். எண்ணெய் அவள் போட்டதுதான். பேஸ் கிட்டார் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, கம்பிகளில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. துணியில் எண்ணெய் தொட்டு, தோசைக்கல்லைத் துடைப்பதுபோல நாலு கம்பிகளையும் துடைத்தாள். துணியில் வந்தது துரு மட்டுமில்லை. கோயில் பாடகர் குழுவில் இதற்கு முன் இதை வாசித்த ஸ்டான்லி கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான், ஆனால் அவனுடைய விரல் தோல் போகவில்லை, கம்பி முறுக்கின் இடுக்கில் இன்னும் இருந்தது. ஊரான் தோல். அவன் கையை எங்கெங்கே வைத்திருப்பானோ. பாட்டுக்கு நடுவில் மூக்கை நோண்டுகிறவன், இரண்டாவது வரிசையில் நின்று அவளே பார்த்திருக்கிறாள். உறையின் மூலையில் கரப்பான் முட்டை இரண்டு ஒட்டியிருந்தது. தோளில் மாட்டுகிற வாரைச் சோப்புத்தூளில் ஊறவைத்துக் கொடியில் காயப்போட்டாள். வெயில் அடித்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, கழுத்தில் போட்டுச் சூடு ஏறியதும் ஸ்டான்லியின் வேர்வை திரும்பி வந்துவிட்டது. இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள். சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. எல்லார் முன்னாலும் அவள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கும்போது பாடுகிற பவனிப் பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க வரவில்லை என்றால் உறையை மூடிக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை கோயில் அசன விருந்துக்கு எப்போதும்போல வெங்காயம் உரிக்க உட்கார வேண்டியதுதான். அப்புறம் ஆயுசுக்கும் அவள் வாயைத் திறக்க முடியாது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கிட்டாரின் தலைப்பகுதியை மரக்கதவில் சாய்த்துவைத்தாள். கரண்டுப் பெட்டி கோயிலில் இருக்கிறது. அது இல்லாமல் இந்தச் சாமானுக்குக் கொசுவளவுதான் குரல். கதவில் சாய்த்தால் கதவே பாடும், அதை அவளேதான் கண்டுபிடித்தாள். தாள் தலையணை மேல் கிடந்தது, பறக்காமல் இருக்க மேலே சீப்பு. தாளில் நாலு கோடுகள், கோடுகளின் மேல் எண்கள், அவ்வளவுதான். கீபோர்டு வாசிக்கிற கிளாட்வின் தாளைக் கையில் தரும்போது, "இதுக்கு டேப்னு பேருக்கா, நாலு கோடு நாலு கம்பி, எண்ணுதான் கிட்டார் கழுத்துல உள்ள கட்டம், மூணு போட்டிருந்தா மூணாம் கட்டத்துல அமுக்கணும், நோட்ஸ் கீட்ஸ் ஒண்ணும் தெரிய வேண்டாம், எண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தான், எண்ணாவது தெரியுமா என்கிறதுபோல. தெரியும். மேல் கோடு, மேல் கம்பி. மோவாய்க்குப் பக்கத்தில் இருக்கிற கனத்த கம்பி. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதற்கு அடுத்த கோட்டிலும் ஒன்றுமில்லை. எண்களெல்லாம் கீழே உள்ள இரண்டு கோடுகளில்தான். தரையைப் பார்த்து இருக்கிற இரண்டு மெல்லிய கம்பிகளில். மூன்றாம் கோட்டில் மூன்று, அடிக் கோட்டில் ஒன்று, அடிக் கோட்டில் மூன்று. மூன்றே இடம். வாய்க்குள் பாட்டைப் பாடிக்கொண்டே அவள் அமுக்கினாள், தட்டினாள். கதவு முனகியது. பாட்டு ஒரு பக்கம் போயிற்று, கம்பி ஒரு பக்கம் போயிற்று. அடுப்பில் பால் திரியும்போது முதலில் ஒரு நூல் மாதிரி தெரியுமே, பிறகு மொத்தமும் கட்டி கட்டியாக ஒதுங்குமே, அப்படி. தினமும் இப்படித்தான். தினமும் அவள் விரலை இன்னும் சரியாக வைத்து, இன்னும் பலமாக அமுக்கி, எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்து வாசித்தாள். எல்லாம் தாளில் உள்ளபடிதான். ஆனாலும் திரிந்தது. இதுதான் இதன் சத்தமோ என்னவோ. கேட்டுப் பழகாத காது, எட்டாவதோடு நின்ற காது.

"ஏளா," என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து புருஷன் ஜெயசிங் கூப்பிட்டார். மத்தியானத் தூக்கம் கலைந்த குரல். "கதவு என்னமோ உறுமுது."

"நான்தான்."

"நீ உறுமுதது எனக்குப் பழக்கம். கதவு எதுக்கு உறுமுது?"

"தூங்குங்க."

"பால்காரன் மாடு கத்துததுன்னு நெனச்சேன். பாவம், சினை மாடு." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் சளியாகி, சளி தொண்டையிலேயே புரண்டு உள்ளே போயிற்று. விழுங்கிவிட்டார். சுகிர்தத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு அலை எழும்பியது. கலியாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள், இன்னும் பழகவில்லை. பழகியிருக்க வேண்டும். மற்ற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பழகிவிடுகிறது. இவர் சாப்பிட்ட தட்டில் மீன் முள்ளை ஓரத்தில் வரிசையாக அடுக்குவதும், கால் நகத்தை வெட்டி சன்னல் திண்டில் சேர்த்துவைப்பதும், கைலியில் மூக்கைத் துடைப்பதும் அடுத்த வீட்டுப் பெண் என்றால் கண்ணில்கூடப் படாது. அவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் மூக்கில் ஏறுகிறது? உடம்பிலும் இப்போது நேரம் காலம் இல்லாமல் சூடு கிளம்புகிறது, கழுத்து பொதபொதவென்று நனைகிறது, தன் வேர்வையே தனக்கு வேறு யாருடைய வேர்வையோபோல அடிக்கிறது. ஸ்டான்லியின் வாரில் இப்போது அவளுடையதும் சேர்ந்திருக்கும். நாளைக்கு இன்னொருத்தன் இதை மாட்டும்போது முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும்.

அவள் பாட்டுக்கு இரண்டாவது வரிசையில் வாயை அசைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஸ்டான்லி போன பிறகு கிளாட்வின் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினான்; இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டால் போதும், பேஸ் தானாக ஓடும். எல்லாரும் ஆகா என்றார்கள். சுகிர்தத்துக்குப் பவனிப் பாட்டின் இரண்டாவது அடியின் முடிவில் வயிற்றைப் புரட்டியது. ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில். ஒருநாள் ஒத்திகை முடியும் நேரத்தில், வாயை அடக்க முடியாமல், "அந்த இடத்துல சத்தம் கெட்டுப்போகுது தம்பி" என்று சொல்லிவிட்டாள். கெட்டுப்போகுது. சத்தம் என்ன குழம்பா? வரிசை முழுக்கச் சிரித்தது. "சுகிர்தக்காவுக்கு எதுலதான் வாடை அடிக்காது, பாதிரியார் அங்கியில அடிக்கின்னு சொல்லாம இருந்தாச் சரி" என்று பியூலா சொன்னாள். அது உண்மையில் அடித்தது, நாப்தலீன் உருண்டையும் எலிப் புழுக்கையும். ஆனால் அவள் சொல்லவில்லை. கிளாட்வினுக்குக் கோபமில்லை, நல்ல பையன், ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிக்கிற வேலை. "அப்ப நீங்களே வாசிங்களேன்க்கா. கிட்டாரு சும்மாதான கெடக்கு" என்றான். அதற்கும் சிரிப்பு. பெண்கள் சங்கச் செயலாளர் வயலட் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க கிளாட்வின். அதுக்கெல்லாம் ஒரு படிப்பு வேணும். சுகிர்தம் வெங்காயத்துக்கு இல்லன்னா அசனமே நடக்காது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. "கொண்டாங்க, வாசிக்கேன்" என்று சொன்னது தன் குரல்தான் என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

வெங்காயம். ஒவ்வொரு வருஷமும் கோயிலுக்குப் பின்னால் தார்ப்பாயில் மலைபோலக் கொட்டுவார்கள், அவளும் இன்னும் பத்துப் பேரும் சுற்றி உட்காருவார்கள், அழுகினதை மோந்தே எடுத்து எறிவதில் அவளுக்கு ஈடு இல்லை. அந்த மூக்குக்கு மட்டும் மரியாதை. மற்றபடி அது ஒரு வியாதி. ஜெயசிங்கின் அக்கா வீட்டு நிச்சயதார்த்தம் அப்படித்தான். பந்தி தொடங்குமுன் கறிக் குண்டானைத் திறந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, மசாலாவுக்கு அடியில், இஞ்சிக்கு அடியில், இனிப்பாக ஒரு வாடை, செத்த பல்லி வாடை. "மதினி, கறி ஒரு மாதிரி இருக்கு" என்றாள். மதினி முகம் கறுத்தது. ஜெயசிங் அவள் முழங்கையைக் கிள்ளி, "உனக்கு எல்லாமே ஒரு மாதிரிதான், பேசாமச் சாப்பிடு" என்றார். அவள் சாப்பிட்டாள். நல்ல மருமகளாக, இரண்டு துண்டுக் கறியை மென்று, நாக்கில் வழுவழுத்ததை விழுங்கி, இன்னும் கொஞ்சம் என்று வைத்ததையும் விழுங்கினாள். பொழுது சாய்வதற்குள் வீடே வாந்தி. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரியில். பிறகு எல்லாம் தெளிந்ததும் மதினி சொன்னது இதுதான்: "அவ வாய வச்சா, கறி கெட்டுது." கறி கெட்டதைச் சொன்னதால் கறி கெட்டது. இன்றுவரை அந்த வீட்டில் விசேஷம் என்றால் அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அன்றிலிருந்து குமட்டல் வந்தால் விழுங்கப் பழகிவிட்டாள். சொன்னாலும் குற்றம், விழுங்கினாலும் நோவு. இதில் விழுங்குவது சத்தமில்லாத காரியம்.

இன்னொரு தரம். மூன்றாம் கோட்டில் மூன்று. நடுவிரலில் தோல் உரிந்து, உள்ளே கோழித் தோல்போல வெளுத்து, ஓரம் ஈரமாக இருந்தது. கம்பி அதில் பதிந்து எழும்பும்போது ஒட்டி ஒட்டி வந்தது. சீ. எண்ணைப் பார். எண்ணு தெரிஞ்சாப் போதும். கணக்கு வராத பிள்ளை என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார், அவள் சொல்லித்தான். கணக்கு நன்றாகவே வந்தது. எட்டாவதில் வகுப்பிலேயே முதலில் போட்டு முடிக்கிறவள் அவள்தான். வராமல்போனது வேறு. பள்ளிக்கூடத்தின் கடைசியில், வேலிக்கருவை மரத்துக்குப் பின்னால், பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு கக்கூஸ் இருந்தது. கதவு கிடையாது, சாக்கு தொங்கும், தண்ணீர் கிடையாது. சின்னப் பிள்ளையாக இருந்தவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம். வயசுக்கு வந்த பிறகு துணி மாற்ற வேண்டியிருந்தது. சாக்கைத் தூக்கினாள். அங்கே ஏற்கெனவே நிறையத் துணிகள் கிடந்தன. ஈ. தரை அசைந்தது, புழு என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காலைப் பின்னால் எடுத்தாள், அந்தக் கால் இன்றுவரை பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தாள். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது. மற்ற பிள்ளைகள் போகத்தானே செய்தார்கள்? அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இன்றைக்குத் தலைமை ஆசிரியை. நாற்றம் பொறுக்காமல் படிப்பை விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? கணக்கு வரல்லப்பா என்றாள். அப்பாவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அத்தோடு முடிந்தது. ஒரு சாக்குத் துணியால் முடிந்தது. எண் தெரியுமா என்று கிளாட்வின் முகத்தைப் பார்க்கிறான், அதற்கும் அந்தச் சாக்குத் துணிதான் காரணம்.

ஒன்று. மூன்று. பால் திரிகிறது. இந்தச் சத்தத்தைப் பெட்டியில் போட்டு, கோயில் சுவரெல்லாம் அதிரும்படி, வயலட் டீச்சர் முன்னால். டீச்சர் திட்ட மாட்டார். "போதும்மா, முயற்சி பண்ணினியே, அதுவே பெருசு" என்பார். திடீரென்று கிட்டார், தாள், சீப்பு, சீப்பில் சுற்றிக்கிடந்த தன் நரைமுடி, எல்லாவற்றின் மேலும் அப்படி ஒரு அருவருப்பு வந்தது, தொட்டதை உதறுவதுபோலக் கையை உதறினாள். இடது கை மூன்றாம் கட்டத்திலேயே கிடந்தது, வலது கைப் பெருவிரல் எங்கேயோ பட்டது. கதவு முழங்கியது. நெஞ்செலும்பு வரைக்கும் வந்தது. கனத்த கம்பி. இத்தனை நாளில் ஒருதரம்கூடத் தாள் தொடச் சொல்லாத கம்பி. வாயில் பாட்டு இரண்டாவது அடியின் நடுவில் நின்றிருந்தது, அது திரியவில்லை. மறுபடியும் அதே கம்பி, அதே கட்டம், அதே இடத்துப் பாட்டு. திரியவில்லை. நாக்கில் வைத்த பாலை விழுங்கலாமா என்று பார்ப்பதுபோல இன்னொரு தரம். நல்ல பால். பிறகு அவள் தாளைப் பார்க்கவில்லை. பாட்டின் முதல் அடியைப் பாடிக்கொண்டு, குமட்டாத இடத்தைத் தேடினாள். வெங்காய மலையில் கை வைப்பதுபோலத்தான், இது அழுகல், இது அழுகல், இது நல்லது. கனத்த கம்பிக்கு அடுத்த கம்பியில், மூன்றாம் கட்டம். பாட்டு அதன்மேல் வந்து ஏறி உட்கார்ந்தது. இன்னொரு இடம் வேண்டும். கனத்த கம்பிக்கே திரும்பி, கிட்டாரின் தலைப் பக்கமாக இறங்கி, முதல் கட்டம். அதுதான். மூன்று, ஒன்று, மூன்று. சீப்பைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தாள். மூன்று, ஒன்று, மூன்று. எண் அதே எண். கோடுதான் தலைகீழ். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்திக் குனிந்தாள்: கனத்த கம்பி வயிற்றுப் பக்கம், மெல்லியது அந்தப் பக்கம். தாளும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அடிக் கோடு தன் பக்கம், கனத்த கம்பி. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மேல் கோடு மேல் கம்பி என்று அவளே முடிவுகட்டி, இத்தனை நாளும் கெட்டதைச் சமைத்து, கெட்டது கெட்டது என்று வயிறு சொன்னதையெல்லாம் விழுங்கியிருக்கிறாள்.

சந்தோஷமாக இல்லை. கூசியது. தாள் சரி, கண்தான் பிசகு, அது போகட்டும். ஆனால் வயிறு முதல் நாளே சொல்லிற்றே. முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள், விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின, இழுத்துக்கொண்டு வந்தாள். கதவு தாலாட்டுப்போல அதிர்ந்தது, ஜெயசிங்கிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை, தூங்கிவிட்டார். எல்லாம் சரியாக வந்தது, ஒரே ஒரு இடம் தவிர. இரண்டாவது அடியின் முடிவு. கனத்த கம்பியில் மூன்றிலேயே நில் என்கிறது தாள். மூன்றில் நின்றால் நாறியது. ஒன்றுக்கு இறங்கினால் நாற்றம் இல்லை. மூன்று, நாறுகிறது. ஒன்று, இல்லை. இப்போதுதானே தாள் சரி, நீ தப்பு என்று ஆயிற்று? அதற்குள் திரும்பவும் தாளோடு சண்டையா? பேசாமல் மூன்றில் நின்றுவிடு. போட்டிருக்கிறபடி வாசித்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் கிட்டாரை உறையில் போட்டு, கையை இன்னொருமுறை கழுவி, மோந்து பார்த்து, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலில் வௌவால் நாற்றம். பியூலா கிட்டாரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். வயலட் டீச்சர், "சனிக்கிழமைக்கு உன்னை வெங்காயத்துலதாம்மா சொல்லி வச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார். பேஸ் வாசிக்கிறவர் நிற்கிற இடம் கீபோர்டுக்குப் பக்கம். இரண்டாவது வரிசையிலிருந்து கிளாட்வினின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள், இங்கே அவன் கைகள் தெரிந்தன. அவன் பட்டன் பேஸை மட்டும் நிறுத்தி, மற்றச் சத்தங்களைத் தானாக ஓடவிட்டுத் தலையை ஆட்டினான். பாட்டு கிளம்பியது. அவள் அடுத்த கம்பியில் மூன்றைத் தொட்டதும் பெஞ்சுகள் அதிர்ந்தன, பியூலாவின் வாய் பாட்டில் பாதியிலேயே நின்றது. முதல் அடி போயிற்று. இரண்டாவது அடி. முடிவு வந்தது. மூன்றிலேயே நில், நில், என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் ஒன்றுக்கு இறங்கிவிட்டது. நாராசம். கீபோர்டும் கிட்டாரும் ஒன்றை ஒன்று கடித்துக் குதறுவதுபோல ஒரு சத்தம் கோயில் முழுக்கப் பரவியது. எல்லாரும் நிறுத்தினார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அங்க மூணுக்கா," என்றான் கிளாட்வின். "தாள்ல மூணுல்லா போட்டிருக்கேன். நான் வாசிக்கத அப்படியேதான் எழுதினேன்."

"தாளப் பாத்து வாசிச்சாப் போதுமேம்மா," என்றார் டீச்சர், அன்பாக.

கழுத்தில் சூடு கிளம்பியது. அவ வாய வச்சா, கறி கெட்டுது. விழுங்கிவிடலாம். தொண்டை அதற்குத் தயாராகவும் ஆயிற்று. ஆனால் இந்தத் தடவை அவள் பார்த்திருந்தாள். "அங்க நீங்க பக்கத்தத் திருப்புதீங்க தம்பி" என்றாள்.

"என்னது?"

"பாட்டுப் புஸ்தகத்த. அந்த எடத்துல எடது கைய எடுத்துத் திருப்புதீங்க. நீங்க கைய எடுத்தாலும் கீபோர்டு பழையதையே புடிச்சிக்கிட்டு நிக்கி. பாட்டு அடுத்ததுக்குப் போயிருது. அதான் கெட்டுப்போகுது. அன்னைக்கும் அதான் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிளாட்வின் இடது கையைத் தூக்கி, புத்தகத்தின் பக்கம் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, அதையே பார்த்தான். கீபோர்டு பழையதையே பிடித்துக்கொண்டு முனகிற்று. அவன் கை இறங்கி அடுத்த கட்டையைத் தொட்டது. முனகல் தெளிந்தது.

"இத்தன நாளும் இப்படியா வாசிச்சேன்?" என்றான் மெதுவாக. பிறகு, "டீச்சர், இங்க வந்து நின்னு இந்தப் பக்கத்த மட்டும் கொஞ்சம் திருப்பி விடுங்க. அக்கா, முதல்லேருந்து."

வயலட் டீச்சர் வந்து கீபோர்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். முகம் உம்மென்று இருந்தது. பாட்டு கிளம்பியது, முதல் அடி போயிற்று, இரண்டாவது அடி முடிவுக்கு வந்தது, டீச்சர் பெருவிரலை நாக்கில் வைத்து நன்றாக எச்சில் தொட்டு, அந்த ஈரத்தோடு பக்கத்தின் மூலையை ஒற்றி எடுத்துத் திருப்பினார். சுகிர்தத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலோடேயே அவள் கனத்த கம்பியில் விரலை முதல் கட்டத்துக்கு இறக்கினாள். பாட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்தது.